தம்புள்ளைக்குப் போன ஞாயிறு

கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கைப் பாலத்தைக் கடந்து வடக்கே நோக்கினால், ஒரு நெடுஞ்சாலை புறப்பட்டுச் செல்வதைக் காணலாம். கண்டியிலே தொடங்கி, அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு யாழ்ப்பாணம் வரை போகும் இந்தச் சாலைக்கு ஏ 9 என்று பெயர். 2024ஆம் ஆண்டின் ஆடி, ஆவணி மாதங்களில் என் ஆராய்ச்சியும், என் கிரிக்கெட் பைத்தியமும், என் கலியாணமும் இந்தச் சாலையிலேதான் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

ஆராய்ச்சியை முதலிற் சொல்லிவிடுகிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்காக மலைநாட்டுத் தோட்டங்களின் நாட்டார் பாடல்களை ஆராய்ந்து வந்தேன். கோப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்ப் பக்கத்துக் கரையில் இறங்கிய மக்கள், காட்டு வழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்தார்கள். வடக்குப் பாதை என்று பெயர் பெற்ற அந்த வழியும் தம்புள்ளையைத் தொட்டுத்தான் வந்தது. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலே மாண்டவர் பலர். பத்தொன்பதாம் நூற்றாண்டோடு அந்த நடை முடிந்தது; 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதமே வந்துவிட்டது. நடந்தவர்கள் போய்விட்டார்கள்; நடந்தவர்களைக் கண்டவர்களும் போய்விட்டார்கள். ஸி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்தவை போக, எஞ்சிய பாடல்கள் எண்பதைத் தாண்டிய சில பாட்டிமாரின் நாவிலே மட்டும் இருக்கின்றன.

அப்படி ஒரு பாட்டியை மாத்தளைக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்திலே கண்டுபிடித்தேன். இரண்டு முறை சென்று தாலாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்துகொண்டேன். காட்டு வழியில் நடந்து வந்ததைச் சொல்லும் நெடும் பாட்டொன்று தம் பாட்டியிடம் கேட்டது நினைவிருப்பதாகச் சொன்னார்.

“அது நீளமா வரும் தாயி. அவசரத்துல ஆகாது. ஒரு நாளைக்கு நெதானமா வா, பாடுறேன்” என்றார்.

ஆடி இரண்டாம் ஞாயிறு, அதாவது ஜூலை 28, வருவதாக ஒப்புக்கொண்டேன். ஆடியிலே கலியாண வேலை அதிகம் இராது என்பது என் கணக்கு.

இனி, கிரிக்கெட். கட்டுகஸ்தோட்டையில் பிறந்தவளுக்கு இந்த நோய் எப்படி வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். முத்தையா முரளிதரன் படித்த புனித அந்தோனியார் கல்லூரி எங்கள் ஊரிலேதான் இருக்கிறது. சிறுவயதில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தவரைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் அந்தப் பள்ளிக்கூடத்துப் பயிற்சியாளரே. 2007 டிசம்பர் 3ஆம் திகதி, எனக்கு ஒன்பது வயது, அப்பா என்னை அஸ்கிரிய மைதானத்துக்குக் கூட்டிச் சென்றார். கொலிங்வுட்டின் விக்கெட் விழுந்தது. முரளிக்கு அது 709ஆவது விக்கெட். ஷேன் வோர்னின் உலக சாதனை முறிந்தது. எங்கும் வெடிச்சத்தம். தோட்டத்துக்குக் கூலியாக வந்தவரின் பேரன் என்று சொல்லி அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா அழுததை அதற்கு முன் நான் கண்டதில்லை. அந்தப் போட்டியே அஸ்கிரியவில் நடந்த கடைசி டெஸ்ட் ஆயிற்று. 2010 முதல் கண்டியின் டெஸ்ட் ஆட்டங்கள் பல்லேகலைக்குப் போய்விட்டன.

என் நோய் அன்றைக்குப் பிடித்தது. “பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு?” என்று அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

எனக்கு நிச்சயிக்கப்பட்டவர் வவுனியாவில் ஆசிரியர். அவருடைய குடும்பமும் மலைநாட்டுக் குடும்பமே. எழுபதுகளில் கலவரத்துக்கு அஞ்சி வடக்கே சென்று குடியேறியவர்கள். ஜூலை 26, வெள்ளிக்கிழமை இரவு, பெண்கள் ஆசியக் கிண்ண அரையிறுதியில் இலங்கை பாகிஸ்தானை வென்றது. உடனே அவரிடமிருந்து தொலைபேசி.

“ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். தம்புள்ளை எனக்கும் உமக்கும் நடுவிலே இருக்கிறது. வருவீரா? தம்பியையும் கூட்டிக்கொண்டு வாரும்.”

தம்பி துணைக்கு என்றதும் வீட்டிலே உத்தரவு கிடைத்தது. பாட்டியின் மருமகளுக்கு, அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பஸ் மாத்தளையைக் கடந்து அந்தத் தோட்டத்து முடக்கைத் தாண்டியபோது சன்னல் வழியே பார்த்தேன். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆட்டத்தைப் பற்றிக் குறைவாகச் சொன்னால் அது பொய்யாகும். இந்தியா 165 ஓட்டங்கள் எடுத்தது. அதற்கு முந்திய எட்டு ஆசியக் கிண்ணங்களில் ஏழைத் தட்டிச் சென்ற அணி அது. சமரி அத்தபத்து 61 ஓட்டங்கள்; ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69. எட்டு பந்துகள் மீதமிருக்க, எட்டு விக்கெட்டுகளால் இலங்கைப் பெண்கள் முதன்முறையாகக் கிண்ணத்தை வென்றார்கள். பெண்கள் ஆடிய ஆட்டத்துக்கு அத்தனை பெரிய கூட்டம் ஆர்ப்பரித்ததை அன்றுதான் கண்டேன். தொண்டை கட்டி வீடு திரும்பினேன். என் வாழ்வின் இனிய நாட்களில் அதுவும் ஒன்று. அதை இன்றும் மறுக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறு கூறைச் சேலை எடுக்கக் கண்டிக் கடைத்தெருவுக்குப் போக வேண்டியதாயிற்று. பெரஹரா தொடங்கிவிட்டால் நகருக்குள் நுழைவது பெரும்பாடு என்று அம்மா அவசரப்படுத்தினார். ஆகஸ்ட் 11 அன்று தோட்டத்துக்குப் போனேன். ஒரு வாரத்துக்கு முன் பாட்டியைப் பாரிசவாதம் தாக்கியிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். வாய் அசைந்தது; சொல் வரவில்லை.

கிரிக்கெட்டுக்கு ஒரு ஞாயிறு, சேலைக்கு ஒரு ஞாயிறு. திரும்பும் வழியெல்லாம் இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டு வந்தேன்.

பேராசிரியர் கடிந்துகொள்ளவில்லை; அவர் கடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “அத்தியாயத்தில் அந்தப் பாட்டுக்கு ஓர் இடம் விடுங்கள். மருமகளுக்கு மெட்டாவது தெரிகிறதா என்று கேளுங்கள்” என்றார். மருமகளுக்கு மெட்டுத் தெரிந்திருந்தது. புல்வெட்டும்போது மாமியார் முணுமுணுக்கக் கேட்டதாம். சொற்களில் ஒன்றிரண்டுதான் அவரிடம் இருந்தன. கிடைத்ததைப் பதிவு செய்துகொண்டேன்.

“கலியாணம் முடியட்டும் பிள்ளை, படிப்பை ஆறுதலாகப் பார்க்கலாம்” என்று வருங்கால மாமியார் பலமுறை சொல்லியிருந்தார். அதுவரை நானும் தலையாட்டியிருந்தேன். ஆராய்ச்சி ஆறுதலாக இருக்கும். பாட்டிமார் இருக்க மாட்டார்கள். என் குறிப்புப் புத்தகத்தில் இன்னும் ஆறு பாட்டிமாரின் பெயர்கள் இருந்தன. கலியாணமானாலும் மாசி மாதம் வரை கிழமை நாட்களில் கட்டுகஸ்தோட்டையிலேயே தங்க வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். புதுப் பெண் தாய்வீட்டிலே இருப்பதென்றால் ஊர் என்ன சொல்லும் என்பது சிறிய கேள்வியன்று. இரண்டு நாட்கள் அவர் பேசவேயில்லை. கலியாணமே நின்றுவிடுமோ என்று அம்மா சாமியறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் அழைத்து, “வார இறுதியில் நான் வருகிறேன். லயத்துக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போம்” என்றார். மாமியார் இதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. அவர் நிலையில் இருந்தால் நானும் ஏற்றிருப்பேனா என்பது ஐயமே.

செப்டெம்பர் 8, ஞாயிறு, கட்டுகஸ்தோட்டையிலேயே மணம் நடந்தது. பரிசத்தைப் பற்றியும் பொன்னுருக்குவது பற்றியும் இரு வீட்டாருக்கும் நடந்த வாக்குவாதத்தை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. மாலை வரவேற்பின்போது லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட். இங்கிலாந்து 156 ஓட்டங்களுக்குச் சுருண்டுவிட்டது என்று தம்பி என் காதிலே வந்து சொன்னான். மாலையும் கழுத்துமாக நான் துள்ளியது ஒளிப்படத்திலே பதிந்திருக்கிறது.

மறுநாள் பிற்பகல் வவுனியாவுக்குப் புறப்பட்டோம். மாமியார் முன்வண்டியில் போய்விட்டிருந்தார். இல்லாவிடில், புதுப் பெண் நோயாளி வீட்டுப் படியேற விட்டிருப்பாரோ என்னவோ. தோட்டத்து முடக்கிலே எங்கள் வண்டி திரும்பியது. என் கணவரின் கைப்பேசியில் ஓவல் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. வெற்றிக்கு அதிக ஓட்டங்கள் வேண்டியிருக்கவில்லை.

பாட்டி திண்ணையிலே சாய்ந்திருந்தார். என் தாலிக் கயிற்றைத் தடவிப் பார்த்தார். மருமகள் அந்த மெட்டை மெல்ல முணுமுணுத்தார். பாட்டியின் நல்ல கை பாய்மீது தாளம் போடத் தொடங்கியது. மருமகளின் தாளம் அதுவன்று. அதனினும் மெதுவானது, நடப்பவரின் அடியைப் போன்றது. என் கணவர் ஒன்றும் பேசாமல் வர்ணனையை நிறுத்தினார். பதிவை இயக்கி, கைப்பேசியைப் பாயருகே வைத்தார்.

நிஸ்ஸங்க ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்கள் எடுத்ததையும், பத்து ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்து மண்ணில் இலங்கை ஒரு டெஸ்டை வென்றதையும் தம்புள்ளையைக் கடக்கும்போதுதான் அறிந்தோம்.