ஆமைக்கு ஏற்ற தரை

‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்பது தமிழர் வழக்கு. இதற்கு மாறாக, நட்சத்திர ஆமை செல்வம் தரும் என நம்பி அதனை இரகசியமாக வாங்கி வளர்ப்போரும் மும்பை நகரில் உளர். அவ்வில்லங்களில் அமீனாவும் உடன் புகுதல் கூடும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு 2022-இல் செய்யப்பெற்ற திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இவ்வாமை முதல் அட்டவணையில் இடம் பெற்றுள்ளது. குற்றம் மெய்ப்பிக்கப்படின் 3 ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை உண்டு.

ஆகவே தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பகுதி ஆசிரியரிடமோ களப்பணியாளரிடமோ இத்தகைய ஆமை வந்து சேருமாயின், 48 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்திற்கோ வனத்துறைக்கோ அறிவித்தல் வேண்டும். அவர்கள் வந்து பெற்றுக்கொள்ளும் வரையில் அதனை எதன்மீது வைப்பது? அற்பமாகத் தோன்றும் இவ்வினாவில் அப்பிராணியின் உயிரே அடங்கியுள்ளது.

இது தரைவாழ் பிராணி. வாளி நீரில் இட்டால் மூழ்கி இறந்துவிடும். வழுவழுப்பான கல்தரையில் கால்கள் சறுக்கும். மாணவர்கள் ஆர்வத்துடன் கடற்கரை மணலைக் கொண்டுவருவர், அதுவும் ஏற்றதன்று. இரையுடன் விழுங்கப்படும் மணல் குடலில் திரண்டு அடைப்பை உண்டாக்கும். தச்சுப் பட்டறையின் இழைப்புச் சுருள் இன்னும் தீயது. தேவதாரு, பைன் ஆகிய மரங்களின் ஆவியாகும் எண்ணெய்கள் நுரையீரலை உறுத்தும். ஆமைக்கு நம்மைப் போன்ற உதரவிதானம் இல்லை. நன்கு இருமிச் சளியை வெளியேற்ற இயலாமையால் நோய் எளிதில் நீங்காது.

நோயுற்ற ஆமைக்கு முதல் ஓரிரு நாள் பழைய செய்தித்தாளே போதும். கழிவின் தன்மையைக் காண அது உதவும். பின்னர், சுத்தமான தோட்ட மண் இரண்டு பங்கும், உப்பு நீங்கக் கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கும் கலந்து, ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரம் பரப்பி, மேலே சருகு இடலாம். செம்பூரை அடுத்த தேவனாரில் 1927 முதல் நகரக் குப்பை கொட்டப்பட்டு வந்துள்ளது. அத்தகைய மேட்டு மண்ணை எடுத்தலாகாது. தாராவிக் கும்பார்வாடாக் குயவரிடம் கிடைக்கும் ஆழமற்ற மண்சட்டியை விளிம்பளவு புதைத்து நீர் வைத்தல் நலம்.

வறண்ட நிலத்து ஆமைக்கு உலர்ந்த தரையே உகந்தது என்பர் பலர். அது முழு உண்மையன்று. ஆப்பிரிக்க ஆமைக் குஞ்சுகள் ஐம்பதை ஐந்து மாதம் வளர்த்து, வியன்னா ஆராய்ச்சியாளர் 2003-இல் முடிவு வெளியிட்டனர். உலர்ந்த காற்றில் வளர்ந்தவற்றின் ஓடு கூம்பு கூம்பாகப் புடைத்தது. உணவிலுள்ள புரதத்தின் பங்கு சிறிதே. ஆதலின் ஒரு மூலையில் மட்டும், கையால் பிழிந்தால் நீர் சொட்டாத அளவு ஈரம் இருக்கட்டும். மும்பை மழைக்காலத்திலோ இடர் வேறு: எங்கும் ஈரம் தங்கி அடியோடு அழுகும். அப்போது நார்க்கழிவைக் குறைத்து, மண்ணை அடிக்கடி மாற்றுக.

இரக்கத்தால் அருகிலுள்ள பூங்காவில் விட்டுவிடுதலும் தவறு; இவ்வாமையின் தாயகம் மும்பையன்று. ஆமையின் கழிவில் சால்மொனெல்லாக் கிருமி இருத்தல் கூடுமாதலால், மண்ணைத் தொட்ட மாணவர்கள் சோப்பிட்டுக் கை கழுவுவதை ஆசிரியர் நேரில் கவனித்தல் வேண்டும்.