பிள்ளைக்கு எது ஆகாது?

கொழும்பிலிருந்து கண்டி ரோட்டில் வருபவர்களுக்கு, வரக்காப்பொலவைத் தொடுவதற்குச் சற்று முன்னால் கஜுகம வரும். ரோட்டோரக் கொட்டில்களில் பெண்கள் கஜுப் பைகளோடு நின்று வாகனங்களுக்குக் கையசைப்பார்கள். அதைக் கடந்து வரக்காப்பொலவுக்கு வந்தால் தலகுளி. வறுத்த எள்ளை வெல்லத்தோடு சேர்த்து இடித்து, விரல் பருமனுக்கு உருட்டி, தாளில் சுற்றிய இனிப்பு அது. கண்டிப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியாவது ஒரு பக்கெட் வாங்காமல் போவதில்லை.

ஒவ்வாமை மருத்துவர் ஒருவர் இந்த ரோட்டில் வந்தால் அவர் கண்ணில் படுவது வேறு. உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையைக் கிளப்பக்கூடிய உணவுகளில் கஜுவும் எள்ளும் முன்வரிசையில் இருப்பவை. 2016 ஜூலையில் நடாஷா எட்னன்-லப்பரூஸ் என்ற 15 வயதுச் சிறுமி லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒரு பாண் வாங்கிச் சாப்பிட்டாள். மாவோடு சேர்த்துப் பிசைந்திருந்த எள்ளு மேலே தெரியவில்லை, உறையிலும் எழுதப்படவில்லை. பிரான்சுக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்திலேயே அவளுக்கு மூச்சு முட்டியது. அன்றே இறந்துபோனாள். அவள் பெயரால் வழங்கும் சட்டம் 2021 ஒக்டோபர் 1 முதல் பிரிட்டனில் நடைமுறையில் இருக்கிறது: கடையிலேயே செய்து, கடையிலேயே பொதி கட்டி விற்கும் உணவானாலும் சேர்த்த பொருள்கள் அத்தனையையும் எழுத வேண்டும். அமெரிக்கா 2023 ஜனவரி 1 முதல் எள்ளை ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமை உணவாகச் சட்டத்தில் சேர்த்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் தலகுளியைத் தூக்கி எறிய வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு எள்ளு நல்ல சாப்பாடு. எனக்குப் பயம் வேறு பக்கத்தில். சப்ரகமுவத் தோட்டங்களில் பிள்ளை வளர்க்கும் வீடுகளில் ஒரே நேரத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. பிள்ளைக்கு உடம்பில் ஏதாவது தடித்தால் முட்டை சூடு, மீன் கிரந்தி, வாழைப்பழம் சளி, கடலை பித்தம் என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிடுகிறோம். உண்மையான ஒவ்வாமை வந்து பிள்ளை மூச்சுக்குத் திணறும்போதோ கண்ணூறு என்றும் பூச்சிக்கடி என்றும் சொல்லி நேரத்தைப் போக்குகிறோம்.

முதல் தவறு சின்னதாகத் தெரியும். ஆனால் 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வு சொல்வதைப் பாருங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த இலங்கைப் பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் அது 32. மூன்றில் ஒரு பிள்ளை வளர்ச்சி குன்றியிருக்கிற இடத்தில், மருத்துவர் சொல்லாமல் முட்டையையும் மீனையும் பாலையும் ஒன்றாக நிறுத்துவது அந்தப் பிள்ளையின் உயரத்திலும் மூளையிலும் கைவைக்கிற காரியம். எது ஆகாது என்று சரியாகக் கண்டுபிடித்து அதை மட்டும் விலக்கி, மற்றதையெல்லாம் வயிறு நிறையக் கொடுப்பதுதான் ஒவ்வாமைப் பிள்ளையை வளர்க்கும் முறை.

ஒவ்வாமை என்பது இரத்தத்தில் இருக்கிற ஒரு பொருளின் வேலை என்று நிரூபித்தவர்கள் இரண்டு ஜெர்மன் மருத்துவர்கள். குஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவருடைய சகா பிரவுஸ்னிட்ஸுக்கு மீனால் ஒரு தொல்லையும் இல்லை. குஸ்ட்னரின் இரத்தத் தெளிவில் கொஞ்சம் எடுத்துத் தன் தோலுக்கடியில் ஏற்றிக்கொண்டார் பிரவுஸ்னிட்ஸ். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது அங்கே மட்டும் தோல் சிவந்து தடித்தது. 1921இல் வெளியான பரிசோதனை இது. இன்று எந்த நெறிக்குழுவும் இதற்கு அனுமதி தராது. அந்தப் பொருள் ஐ.ஜீ.ஈ. என்ற எதிர்ப்பொருள் என்பதை 1966இல் இஷிசாக்கா தம்பதியர் கண்டார்கள். உணவுப் புரதத்தைப் பகையென்று தப்பாக முத்திரை குத்திய உடம்பு அதற்கென்றே ஐ.ஜீ.ஈ.யைத் தயாரித்து, தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் கலங்களின் மேல் பதித்து வைத்திருக்கும். அடுத்த முறை அதே புரதம் வந்ததும் அந்தக் கலங்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி, இழுப்பு எல்லாம் அதனால்தான். பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் நடந்துவிடும். நேற்றுத் தின்ற முட்டைக்கு இன்று சாயந்தரம் உடம்பு அரித்தது என்றால் முட்டையைக் குற்றம் சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் மீன் நம்மை நன்றாக ஏமாற்றுகிறது. கடலோரத்தில் இறக்கிய கெலவல்லாவும் பலயாவும் மலைப்பக்கத் தோட்டத்துக்கு வந்து சேரும்போது பொழுது ஏறிவிடும். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய பெட்டி, அடியில் கரைந்துபோன ஐஸ், மேலே நனைந்த சாக்கு. லயத்து வாசலில் ஹோர்ன் அடிக்கும்போது மீன் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். சூரை இன மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். குளிர் போதாத மீனில் பக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. உடம்பே ஒவ்வாமையில் கொட்டுகிற அதே ஹிஸ்டமின். எத்தனை கொதி கொதித்தாலும், பொரித்தாலும், டின்னில் அடைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், வாய் எரியும், தலை இடிக்கும், உடம்பு தடிக்கும். பார்ப்பவர்கள் பிள்ளைக்கு மீன் ஒவ்வாமை என்று முடிவுகட்டி, வாழ்நாள் முழுக்க மீனை நிறுத்திவிடுவார்கள்.

பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: அதே மீனைத் தின்ற வேறு யாருக்காவது அப்படி ஆனதா? அண்ணனுக்கும் அப்பாயிக்கும் சேர்ந்து ஆகியிருந்தால் குற்றம் மீனை வைத்திருந்த விதத்தில். ஒரே பிள்ளைக்கு, அதுவும் ஒவ்வொரு தடவையும் ஆகிறதென்றால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். பால் குடித்தால் வயிறு ஊதி வெளிக்குப் போகிற பிள்ளைக்கும் பெரும்பாலும் ஒவ்வாமை இல்லை. பாலிலுள்ள லக்டோஸ் என்ற சீனி அதற்குச் செரிப்பதில்லை.

இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் நோயெதிர்ப்பியல் பிரிவு ஐ.ஜீ.ஈ. பரிசோதனை செய்கிறது. ஆனால் இரத்தத்தில் ஐ.ஜீ.ஈ. இருப்பதும் அந்த உணவு ஆகாமல் போவதும் ஒன்றல்ல. பரிசோதனையில் 'பொசிட்டிவ்' வந்த உணவை நிம்மதியாகச் சாப்பிடுகிற பிள்ளைகள் நிறைய. என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில், என்ன நடந்தது என்று தாய் சொல்கிற கதைதான் மருத்துவருக்கு முதல் சாட்சி. தீராத சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரியில் வைத்து, கண்காணிப்போடு, சிறுகச் சிறுக அந்த உணவைக் கொடுத்துப் பார்ப்பார்கள். வீட்டில் அதைச் செய்து பார்க்கக் கூடாது.

எதிரி யாரென்று தெரிந்த பிறகுதான் சமையலறை வேலை தொடங்குகிறது. மீன் ஆகாத பிள்ளைக்குத் தேங்காய்ச் சம்பல் கொடுக்கும்போது அதில் மாசி போட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். இறால் ஆகாத பிள்ளைக்கு எதிரி கூனி. இறாலின் ட்ரோபோமயோசின் சூட்டுக்கும் அசையாத புரதம். காய்ந்து பொடியானாலும் அதே வீரியம். சாயந்தரம் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் சூன் பாண் ஆட்டோவில் மீன் பணிசும் முட்டை ரோலும் வெறும் பணிசும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள், எடுத்துக் கொடுப்பதும் ஒரே இடுக்கியால். உறையே இல்லாத சாப்பாட்டில் எந்தச் சட்டம் எதை எழுதும்? கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

திரிபோஷாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எடை குறைந்த பிள்ளைக்கென்று கிளினிக்கில் இலவசமாகத் தருகிற நல்ல சத்துமா அது. சோளம், சோயா, பால்மா கலந்தது. பால் ஒவ்வாமை உறுதியான பிள்ளைக்கு அதே பொட்டலம் ஆபத்து. வேண்டாமென்று பேசாமல் மறுத்துவிட்டால் மருத்துவமாது தாயைத் தப்பாக நினைக்கலாம். காரணத்தைச் சொல்லி, அந்தப் புரதத்துக்கு ஈடாக எதைக் கொடுப்பது என்று கேளுங்கள். பசும்பால் ஆகாத பிள்ளைக்கு ஆட்டுப்பால் கொடுக்கலாம் என்பது ஊர்ப் பேச்சு. இரண்டிலும் புரதங்கள் ஏறத்தாழ ஒன்றே என்பதால் ஆட்டுப்பாலும் பெரும்பாலும் ஆகாது. இதில் ஒரு நல்ல செய்தி, பால், முட்டை ஒவ்வாமைகள் பெரும்பாலான பிள்ளைகளை வளர வளர விட்டுவிடும். கச்சான், கஜு, மீன், இறால் அவ்வளவு எளிதில் விடுவதில்லை.

தடுப்பூசி விஷயத்தில் இலங்கை உலகுக்கே ஒன்றைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. எம்.எம்.ஆர். போன்ற ஊசி போட்டவுடன் சில பிள்ளைகளுக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தது ஏன் என்று மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் ராஜீவ த சில்வாவும் குழுவினரும் தேடினார்கள். ஊசிமருந்துத் தயாரிப்பில் எஞ்சிய மாட்டு சீர அல்புமின் காரணமாக இருக்கலாம் என்று 2017இல் எழுதினார்கள். மாட்டிறைச்சி வாசனையே படாத வீடுகள் தோட்டத்தில் நிறைய உண்டு. ஆனாலும் அதே புரதம் பசும்பாலிலும் கொஞ்சம் இருக்கிறது. ஆகவே பாலுக்கோ மாட்டிறைச்சிக்கோ கடுமையாக ஒவ்வாத பிள்ளை என்றால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தேவையானால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பாதுகாப்பாகப் போடுவார்கள். ஊசியைத் தவறவிடுவதற்கு இது காரணமாகாது.

வராமல் தடுக்க முடியுமா? இருபது வருடங்களுக்குள் மருத்துவம் தன் புத்தி சொன்னதையே திருப்பிப்போட்ட இடம் இது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2000இல், ஒவ்வாமைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று வயது வரை கச்சான் வேண்டாம் என்றது. 2008இல் அதைக் கைவிட்டது. அதே ஆண்டு கிடியன் லாக் குழுவினர், பிரிட்டனில் வாழும் யூதப் பிள்ளைகளுக்கு இஸ்ரேலியப் பிள்ளைகளைவிடப் பத்து மடங்கு கச்சான் ஒவ்வாமை இருப்பதைக் காட்டினார்கள். இஸ்ரேலில் ஒரு வயதாகும் முன்பே கச்சான் சேர்த்த தின்பண்டம் கொடுக்கிறார்கள். பிறகு 640 குழந்தைகளை வைத்து நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத் தோல் சோதனையில் எதுவும் தெரியாத பிள்ளைகளில், கச்சானை ஒதுக்கியவர்களில் 13.7 சதவீதத்தினருக்கு ஐந்து வயதில் ஒவ்வாமை இருந்தது. சின்னதிலிருந்தே சாப்பிட்டவர்களில் 1.9 சதவீதம்தான்.

வாய் வழியாக முதலில் சந்தித்த உணவை உடம்பு ஏற்றுக்கொள்கிறது, வெடித்த தோல் வழியாக முதலில் சந்தித்ததைப் பகைக்கிறது என்பது லாக்கின் விளக்கம். கச்சான் எண்ணெய் சேர்ந்த கிறீமைப் புண்பட்ட தோலில் பூசிய குழந்தைகளுக்கு அந்த ஒவ்வாமை கூடுதல் என்று 2003இலேயே அவர் காட்டியிருந்தார். ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சவர்க்காரம் பாவித்த 2,000 பேருக்கு மேல் கோதுமை ஒவ்வாமை வந்தது. நம் வீடுகளில் கரப்பான் பிடித்த பிள்ளைக்கு நல்லெண்ணெய் தடவிக் குளிப்பாட்டுகிறோம். எண்ணெய்க் குளியலை நான் பழிக்கவில்லை. தோல் வெடித்து நீர் வடியும்போது மட்டும் உணவு எண்ணெயைத் தவிர்த்து, மருத்துவர் தரும் களிம்பைப் பூசுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு மசித்த முட்டை, மீன், கஞ்சியில் கரைத்த கச்சான் மா என்று ஒவ்வொன்றாகக் கொடுக்கத் தொடங்கலாம். முழுக் கச்சான் புரையேறும், வேண்டாம். ஏற்கெனவே கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்தால் மருத்துவரைக் கேட்டபிறகு.

கடைசியாக ஆபத்து நேரம். நம் வீடுகளில் எல்லா அரிப்புக்கும் ஒரே மருந்து பிரிட்டோன். அது அரிப்பைத் தணிக்கும். மூச்சுக்குழாய் அடைபடுவதையும் இரத்த அழுத்தம் விழுவதையும் தடுக்காது. தடிப்போடு குரல் கரகரத்தால், இழுத்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், பிள்ளை துவண்டால் தேவை அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில் ஏற்ற வேண்டிய ஊசி. மேலைநாட்டுப் பிள்ளைகள் பையில் கொண்டுபோகிற தானியங்கி ஊசி நம் ஊர்ப் பார்மசியில் கேட்டவுடன் கிடைக்கும் பொருளல்ல. மருந்தோ ஆஸ்பத்திரிகளில் எப்போதும் இருக்கும் மலிவான சிறு குப்பி. ஆகவே நம்மிடம் இருப்பது வேகம் ஒன்றுதான். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அதுவரை பிள்ளையை எழுப்பி நடக்கவிடாமல் காலைச் சற்று உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சு முட்டினால் மடியில் சாய்த்து உட்கார வையுங்கள். தணிந்தது போலிருந்து சில மணித்தியாலத்தில் மறுபடி வரக்கூடும் என்பதால், ஆஸ்பத்திரியில் இருக்கச் சொன்னால் இருந்துதான் ஆக வேண்டும்.

தாய் கொழுந்துக்கோ பால்வெட்டுக்கோ போன பிறகு பகல் முழுக்கப் பிள்ளை இருப்பது பிள்ளைக்காம்பராவில். "கொஞ்சமாத் தின்னா ஒண்ணும் ஆகாது தங்கச்சி" என்று பாசத்தோடு ஊட்டிவிடுகிறவர்களும் அங்கே இருப்பார்கள். கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஆகாத உணவின் பெயரையும், என்ன அறிகுறி வரும் என்பதையும், 1990 என்ற எண்ணையும் மருத்துவர் கையால் எழுதி வாங்குங்கள். அதில் ஒரு பிரதி பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒட்டப்பட வேண்டும், ஒரு பிரதி தோட்டத்து டிஸ்பென்சரியில் இருக்க வேண்டும். அட்ரினலின் குப்பியும் அதைப் போடத் தெரிந்த ஆளும் அந்த டிஸ்பென்சரியில் இருக்கிறார்களா என்று தோட்டத் தலைவர்மாரும் நிர்வாகமும் இந்த வாரமே பார்த்துச் சொல்லட்டும்.