எச். எம். டி. ஜனதா

எச். எம். டி. ஜனதா என்பது இந்திய அரசு நிறுவனமான எச். எம். டி. தயாரித்த, சாவி கொடுத்து இயக்கப்படும் கைக்கடிகாரமாகும். சப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1961 இல் பெங்களூரில் எச். எம். டி. யின் கைக்கடிகார ஆலை தொடங்கப்பட்டது.

இதில் மின்கலம் கிடையாது. பக்கவாட்டிலுள்ள திருகைத் திருகும்போது உள்ளிருக்கும் சுருள்வில் இறுகுகிறது. அது தளரும்போது வெளிப்படும் விசையைச் சமநிலைச் சக்கரத்தின் அலைவு சிறு சிறு துடிப்புகளாக ஒழுங்குபடுத்துகிறது. உராய்வைக் குறைக்க 17 கற்கள் பொருத்தப்பட்டுள்ளன. முழுதாகச் சாவி கொடுத்தால் ஒரு நாளுக்கு மேல் ஓடும். ஆகவே நாள்தோறும் ஒரே நேரத்தில் சாவி கொடுப்பது நல்லது. விரலுக்குத் தடை தென்பட்டதும் நிறுத்திவிட வேண்டும். புதிதாக வாங்கியவருக்கு இவ்வேலை சுமையாகத் தோன்றுவதில்லை. திருகின் மெல்லிய கறகறப்பும், காதருகே வைத்தால் கேட்கும் டிக் டிக் ஒலியுமே இக்கடிகாரத்தின் இன்பம் எனலாம். மறந்தால் நின்றுவிடும். நாளுக்குச் சில நொடிகள் முந்துவதோ பிந்துவதோ பழுதன்று.

பின்னர் மின்கலத்தில் இயங்கும் குவார்ட்சு கடிகாரங்கள் சந்தையைப் பிடித்தன. 1984 இல் தொடங்கப்பட்டு ஒசூரில் ஆலை அமைத்த டைட்டன் இதில் முன்னின்றது. எச். எம். டி. யின் கைக்கடிகார நிறுவனத்தை மூட நடுவண் அரசு 2016 இல் ஒப்புதல் அளித்தது. இன்று விற்கப்படும் பழைய ஜனதா கடிகாரங்களுள் முகப்புக்கு மறுவண்ணம் பூசப்பட்டவையும் உண்டு.