‘சிங்கை நேசன்’ நம் கைக்கு வந்த வழி

1887 ஜூன் 27, திங்கட்கிழமை. விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழாவையொட்டிச் சிங்கப்பூரில் ஒரு தமிழ் வார இதழ் பிறந்தது. பெயர் ‘சிங்கை நேசன்’. ஆசிரியர் மகுதூம் சாகிபு. அச்சிட்டது தீனோதய அச்சகம். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் ‘சிங்கை நகர் அந்தாதி’யும் சிங்கப்பூரில் அச்சேறியது. ‘சிங்கை நேசன்’ 1890 வரை வந்து நின்றுபோயிற்று.

கப்பலேறிப் போனவர்களுக்காக, கடல் காற்றும் கறையானும் நிறைந்த ஊரில், மலிவான தாளில் அச்சான இதழ் அது. படித்து முடித்ததும் பொட்டலம் மடிக்கப் போயிருக்க வேண்டியது. இன்றைக்குக் கடையநல்லூரிலோ காரைக்காலிலோ உட்கார்ந்து கைபேசியில் அதைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். காசு வேண்டாம், உறுப்பினர் அட்டையும் வேண்டாம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையவழிச் செய்தித்தாள் தொகுப்பில் அது இருக்கிறது. 1845 ஜூலை 15 அன்று தொடங்கிய ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’, கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ எல்லாம் அங்கேயே உண்டு.

இது எப்படி நடக்கிறது என்பதை அறிய, தேசிய நூலகத்துக்கும் நம் தெருமுனை நூலகத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பார்த்துவிடுவோம். தெருமுனை நூலகம் வாசகர் கேட்கும் நூல்களை வாங்கும், கிழிந்ததைக் கழிக்கும். தேசிய நூலகம் நாட்டில் வெளியாகும் எல்லாவற்றையும் வாங்கி வைக்கும், கழிக்காது. பெரிய எழுத்தாளரின் நாவலுக்கு என்ன இடமோ, அதே இடம் கோயில் குடமுழுக்கு மலருக்கும் சங்கத்தின் ஆண்டறிக்கைக்கும் சமையல் குறிப்புப் புத்தகத்துக்கும் உண்டு. எது பிற்காலத்துக்குப் பயன்படும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு சங்கத்தின் ஆண்டறிக்கையில் இருக்கும் உறுப்பினர் பட்டியல், நூறு ஆண்டு கழித்து ஒரு குடும்பத்தின் வேரைக் காட்டிக்கொடுக்கும். இந்தப் பாகுபாடில்லாத சேகரிப்பைத்தான் நான் தேசிய நூலகத்தின் முதல் பெருமையாக நினைக்கிறேன்.

அந்தச் சேகரிப்பு நூலகரின் ஆர்வத்தால் மட்டும் நடப்பதில்லை. அதற்குச் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூரில் ஒரு நூலை வெளியிடுபவர் வெளியான நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். மின்னூல் என்றால் ஒரு பிரதி. நம் ஊரிலும் இப்படி ஒன்று உண்டு: 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியப் பதிப்பாளர்கள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட வேறு சில நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும்.

சிங்கப்பூரில் இந்த வழக்கத்தின் வேர் ஆங்கிலேயர் காலத்தது. சிங்கப்பூரும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1886இல் நூல் பதிவுச் சட்டம் வந்தது. அங்கே அச்சாகும் நூல்களின் பிரதிகளை அரசிடம் தரவேண்டும். அவற்றில் ஒன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போகும். ஆளும் அரசு தன் குடியேற்றத்தில் என்ன அச்சாகிறது என்று தெரிந்துகொள்ளவும் அது உதவியிருக்கும். ஆனால் அதன் பயன் வேறொரு வகையில் நமக்குக் கிடைத்தது. சிங்கப்பூரின் ஈரத்தில் அழிந்துபோன எத்தனையோ நூல்களின் ஒரு பிரதி இலண்டனின் குளிரில் பத்திரமாக இருந்தது. இன்றைய பிரிட்டிஷ் நூலகம் அந்தச் சேகரிப்பின் வாரிசு. 2013 தொடங்கி அந்த நூலகமும் சிங்கப்பூர் வாரியமும் சேர்ந்து, இலண்டனில் இருந்த மலாய்க் கையெழுத்துச் சுவடிகளையும் சிங்கப்பூரின் பழைய நிலப்படங்களையும் அங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய இராஃபிள்ஸ் தொடர்பான ஆவணங்களையும் மின்வடிவாக்கின. மூலம் இலண்டனிலேயே இருக்கிறது. மூலமும் திரும்ப வரவேண்டும் என்பவர்கள் உண்டு. அந்த வாதம் நியாயமானது. ஆனாலும் விமானச் சீட்டு வாங்க முடியாத ஓர் ஆய்வு மாணவருக்கு இன்று படிக்கக் கிடைப்பது இந்த மின்படிதான்.

சட்டத்திலும் ஓர் இடைவெளி உண்டு. சிங்கப்பூர் எழுத்தாளர்கள் பலர் தங்கள் தமிழ் நூல்களைச் சென்னையில் அச்சிட்டு, சென்னைப் பதிப்பகங்கள் வழியாகவே வெளியிட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் வெளியான நூலை ஒப்படைக்கச் சொல்லிச் சிங்கப்பூர்ச் சட்டம் கட்டாயப்படுத்தாது. அவற்றை நூலகம் தேடித்தான் வாங்க வேண்டும், அல்லது எழுத்தாளரோ குடும்பத்தாரோ கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் தமிழ் ஒரு சிறுபான்மையினரின் மொழி. அங்கே ஐந்நூறு பிரதி அச்சான ஒரு கவிதை நூல் தொலைவதற்கு இருபது ஆண்டு போதும்.

சிங்கப்பூர் தேசிய நூலகத்தில் தமிழுக்கு இடம் கிடைத்த கதையையும் சொல்லவேண்டும். இராஃபிள்ஸ் நூலகம் என்ற பெயரில் அது நெடுங்காலம் சந்தா கட்டுபவர்களுக்கான நூலகமாக, ஆங்கில நூல்கள் நிறைந்ததாக இருந்தது. ஜப்பானியர் ஆட்சியின்போது கார்னர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளரும் தனகதாதே என்ற ஜப்பானியப் பேராசிரியரும் எதிரெதிர் நாட்டவராக இருந்தும் சேர்ந்து நின்று அதன் நூல்களைக் கொள்ளையிலிருந்து காத்தார்கள். 1953இல் ரப்பர்த் தொழிலதிபர் லீ கோங் சியான் புதிய நூலகத்துக்கு 3,75,000 வெள்ளி (டாலர்) தர முன்வந்தார். அவர் வைத்த நிபந்தனைகள் இரண்டு: யாரிடமும் கட்டணம் வாங்கக்கூடாது, ஆசிய மொழி நூல்களையும் வளர்க்க வேண்டும். 1960 நவம்பரில் ஸ்டாம்ஃபோர்டு சாலையில் செங்கல் கட்டடம் திறக்கப்பட்டது. மக்கள் மிகவும் நேசித்த அந்தக் கட்டடம், சுரங்கச் சாலைக்கு வழிவிட 2004இல் மூடி இடிக்கப்பட்டது. இப்போதுள்ள பதினாறு மாடிக் கட்டடம் 2005இல் விக்டோரியா ஸ்திரீட்டில் திறந்தது. அதில் மேற்கோள் நூலகத்துக்கு லீ கோங் சியான் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒரு கொடையாளர் பணத்தோடு நிபந்தனையும் வைப்பது பெரும்பாலும் தொல்லையாகத்தான் முடியும். இவருடைய நிபந்தனை அவர் கொடுத்த பணத்தைவிட மதிப்புள்ளது.

இனி, சேர்த்ததைப் பகிர்வது. பழைய பக்கத்தை ஒளிவருடியில் வைத்துப் படமெடுப்பது இதில் எளிய வேலை. படமெடுத்தபின் கணினிக்கு அது வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள். அதிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க மென்பொருள் வேண்டும். ஆங்கிலத்துக்கு அது நன்றாகப் படிந்துவிட்டது. தமிழில் தடுமாற்றம் அதிகம். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை லை, னை, ணை போன்றவை துதிக்கை வளைந்த பழைய வடிவில் இருந்தன. றா, னா, ணா ஆகியவற்றுக்கும் தனியான பழைய வடிவம் இருந்தது. சிங்கப்பூரும் பின்னால்தான் புதிய வடிவுக்கு மாறியது. புதிய வடிவுக்குப் பழகிய மென்பொருள் பழைய வடிவத்தைக் கண்டால் வேறு எதையாவது எழுதிவைக்கும். துணைக்காலும் ரகரமும் அதற்கு ஒன்றுபோலத் தெரியும். மை கசிந்த இடத்தில் புள்ளி காணாமல் போகும். புள்ளி போனால் சொல்லே மாறிவிடும். ஆகவே ஒரு மனிதர் உட்கார்ந்து வரிவரியாக மெய்ப்புப் பார்க்காமல் தமிழில் நம்பகமான தேடல் கிடைக்காது.

தேடுகிற நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றால் அது அங்கே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். சாகிபு, சாயபு, சாஹிப் என்று எழுத்தை மாற்றிப் பாருங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் ஆண்டையும் மாதத்தையும் வைத்துப் பக்கங்களைப் புரட்டுவதே வழி. நேரம் பிடிக்கும், ஆனால் தேடாத ஏதோ ஒன்றும் கண்ணில் படும்.

எழுத்தைவிடக் கடினமானது உரிமை. சிங்கப்பூரில் எழுத்தாளர் இறந்து எழுபது ஆண்டு வரை பதிப்புரிமை நீடிக்கும். 1887இல் வந்த நூலைத் தயங்காமல் இணையத்தில் ஏற்றலாம். 1977இல் வந்த சிறுகதைத் தொகுப்பை அப்படி ஏற்ற முடியாது. தமிழ்நாட்டில் இதற்கு நாட்டுடைமை என்ற வழி இருக்கிறது. 1949இல் பாரதியில் தொடங்கி, அரசு பலருடைய எழுத்தைப் பொதுவாக்கியிருக்கிறது. சிங்கப்பூரில் தமிழர்கள் போன வழி வேறு. நாடு விடுதலை பெற்ற ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, அருண் மகிழ்நன் தலைமையில் ஒரு தன்னார்வலர் குழு, தேசிய நூலக வாரியத்தோடு சேர்ந்து தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தை எடுத்துச் செய்தது. 1965 முதல் 2015 வரை வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ்க் கவிதை, சிறுகதை, நாவல், நாடக நூல்களைத் தேடி, எழுத்தாளர்களிடமும் அவர்களுடைய வாரிசுகளிடமும் ஒப்புதல் கேட்டார்கள். ஏறத்தாழ 350 நூல்கள் மின்வடிவம் பெற்று 2015இல் மக்களுக்குக் கிடைத்தன. மெய்ப்புப் பார்க்கும் வேலையில் பொதுமக்களும் கை கொடுத்தார்கள். பின்னர் நாடகம், இசை, நடனம் ஆகிய கலைகளின் ஆவணங்களுக்கும் அந்த முயற்சி விரிந்தது.

இதில் என்னை மிகவும் தொடுவது அந்த ஒப்புதல் கேட்கும் படலம். எழுத்தாளர் மறைந்திருப்பார், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள், அப்பா இப்படி ஒரு நூல் எழுதினார் என்பதே பேரனுக்குத் தெரிந்திராது. ஒவ்வொருவரிடமும் பேசி, விளக்கி, கையெழுத்து வாங்குவது எந்தக் கருவியாலும் ஆகிற காரியமில்லை. நாட்டுடைமையில் உரிமை மொத்தமாகக் கைமாறுகிறது. இங்கே உரிமை எழுத்தாளரிடமே இருக்க, வாசிப்பு மட்டும் பொதுவாகிறது. சிறிய சமூகத்துக்கு இது ஏற்ற வழி என்பது என் எண்ணம். எழுத்தாளர் குடும்பமும் வேலையில் பங்காளியாகிவிடுகிறது.

உரிமைச் சிக்கல் செய்தித்தாள்களையும் விடுவதில்லை. பழைய இதழ்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். அண்மைக் காலத்தவற்றுள் பலவற்றை நூலகத்துக்குப் போய் அங்குள்ள கணினியில்தான் படிக்க முடியும். இதைக் கண்டு எரிச்சல்படுபவர்கள் உண்டு. பத்திரிகை நிறுவனமும் பிழைக்க வேண்டும் என்று செய்துகொண்ட உடன்பாடு அது.

தாளில் இல்லாதவையும் நூலக வாரியத்தின் பொறுப்பில் இருக்கின்றன. 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையம், தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் சாதாரண மக்களின் நினைவுகளை ஒலிப்பதிவாக வைத்திருக்கிறது. அதை நடத்தும் தேசிய ஆவணக் காப்பகம் 2012இல் வாரியத்தோடு இணைந்தது. படிக்கச் சிரமமான பழைய கையெழுத்து ஆவணங்களைப் பொதுமக்களே பார்த்துத் தட்டச்சு செய்ய ஒரு திட்டம் 2015இல் தொடங்கியது. இணையதளங்களைச் சேமிப்பது 2006இலேயே ஆரம்பித்தாலும், ஒவ்வொரு தளத்தாரிடமும் எழுத்துமூல அனுமதி வாங்க வேண்டியிருந்ததால் வேகம் பிடிக்கவில்லை. 2018இல் சட்டம் திருத்தப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தபின், ‘.sg’ என்று முடியும் சிங்கப்பூர் முகவரியுள்ள தளங்களை முன்அனுமதியின்றியே சேமிக்க முடிகிறது.

நீங்கள் சிங்கப்பூரோடு பழைய தொடர்புள்ள குடும்பமாக இருந்தால், பரணில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தென்காசி, கடையநல்லூர், நாகூர், தஞ்சைப் பக்கத்து வீடுகளில் துறைமுகத் தொழிற்சங்கத் துண்டறிக்கையோ, பள்ளி ஆண்டு மலரோ, திருமண வாழ்த்துமடலோ அகப்படலாம். ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், நெகிழி உறை போட்டுச் சூட்டில் ஒட்டவும் வேண்டாம். துருப்பிடித்த ஊசியைப் பிடுங்க முயன்றால் தாள் கிழியும். யாருடையது, எந்த ஆண்டு, எப்படி உங்களிடம் வந்தது என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். பிறகு நூலக வாரியத்துக்கு எழுதிக் கேளுங்கள். சிங்கப்பூர் தொடர்பான ஆவணங்களை அவர்கள் நன்கொடையாக ஏற்கிறார்கள். ஏற்கும் முன் இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேவைப்படும்.