பட்டின் சாயநீரும் மரத்தூள் கரியும்

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலைக்கு உடலில் ஒரு நிறம், கரையில் வேறொரு நிறம். அரக்கும் மயில்கழுத்தும் நூலில் ஏறுவதற்காக, ஆவி பறக்கும் சாயத் தொட்டியில் கோல்களில் தொங்கும் நூற்கழிகளை ஓயாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு திருப்பினும் நூல் சாயம் முழுவதையும் குடித்துவிடுவதில்லை. எஞ்சியது நீரோடு வெளியேறும். ஊரையொட்டி ஓடும் வேகவதியோ திருமுக்கூடலில் பாலாற்றைச் சேர்கிறது. ஆதலால் இந்நீரைத் தெளிவித்து விடுவது நம் கடமை.

கரி நிறத்தைக் கவரும் என்பது பழைய செய்தி. 1785இல் உருசியாவில் லோவிட்சு என்னும் வேதியியலார் அதைக் கண்டறிந்தார். ஆயினும் சாதாரணக் கரியின் நுண்துளைகளைத் தார் அடைத்திருக்கும். அவற்றைத் திறந்து பெருக்கியதே கிளர்வூட்டிய கரி. நல்ல கரியின் ஒரே கிராமில் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு, அஃதாவது ஏறத்தாழக் கால் ஏக்கர், மடிந்து கிடக்கிறது!

மர அறுவை ஆலைகளில் குவியும் தூளே இதற்குப் போதும். அதைச் சலித்து உலர்த்தி, பாசுபாரிக் அமிலத்தில் ஊறவைத்து, காற்றுப் புகாத உலையில் 400 முதல் 500 பாகை செல்சியசு வரை சூடேற்றுவர். அமிலம் மரத்தின் செல்லுலோசிலிருந்து நீரைப் பிரிக்கிறது. தார் உண்டாகாமல் தடுக்கிறது. கழுவியபின் தான் நின்ற இடத்தைத் துளையாக விட்டுச் செல்கிறது. துத்தநாகக் குளோரைடும் இப்பணியைச் செய்யும். ஆனால் சாயத்தை அகற்றப் போய்த் துத்தநாகத்தை ஆற்றில் சேர்ப்பது முறையன்று.

தமிழ்நாட்டில் பெயர்பெற்றது தேங்காய்ச் சிரட்டைக் கரி. அதன் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. வளிகளுக்கும் குடிநீருக்கும் ஏற்றவை. சாய மூலக்கூறுகளோ பெரியவை. அமிலமிட்டுச் செய்த மரத்தூள் கரியில் அகன்ற துளைகள் மிகுதி என்பதால், சாயநீருக்கு அதுவே பொருத்தம். மகோகனி மரத்தூள் கரியைக் கொண்டு ஓர் அமில மஞ்சள் சாயத்தை அகற்றிய ஆய்வை 2003இல் பி. கே. மாலிக் வெளியிட்டார்; அமிலத்தன்மை மிகுந்த நீரில் கரி சாயத்தை நன்கு பற்றியது. பட்டுக்கு இடுவதும் பெரும்பாலும் அமிலச் சாயங்களே.

ஆனால் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செரிசின் என்னும் பசை. சோப்பும் சோடாவும் இட்டு நூலை வேகவைத்து அதை நீக்குகிறார்கள். அந்நீரைச் சாயநீரோடு கலந்தால், பசை கரியின் துளைகளை அடைத்துவிடும். இரண்டையும் தனித்தனியே பிடிக்க வேண்டும். மேலும், கரி சாயத்தை அழிப்பதில்லை; பிடித்துவைக்கிறது, அவ்வளவே. பயன்தீர்ந்த கரியைக் குப்பைமேட்டில் கொட்டலாகாது.

சிறு சாயப்பட்டறைகள் இவை அனைத்தையும் தனித்துச் செய்ய இயலா. நெசவாளர் கூட்டுறவு வேரூன்றிய ஊர் காஞ்சி. ஒரு பொதுக் கரியுலையும் பொது வடிதொட்டியும் அமைக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் முன்வர வேண்டும். அரசு அதற்குப் பொருளுதவி செய்ய வேண்டும்.