படபடக்கும் இதயம்: துடிப்பைக் குறைக்கும் மாத்திரை மட்டும் போதுமா?

"நெஞ்சு படபடங்குதுங்க, நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்குதுங்க." ஆனைமலையில் தென்னந்தோப்பு வேலைக்குப் போகும் ஒரு பெரியவர் இப்படிச் சொன்னால், வெயில் அசதி என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். ஆனால், அது 'ஆட்ரியல் ஃபிப்ரிலேஷன்' எனும் இதயத்துடிப்புக் கோளாறாகவும் இருக்கலாம். இசிஜி எடுத்தால்தான் தெரியும்.

என்ன நடக்குது?

இதயத்தின் மேல் அறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்குகின்றன. நிமிடத்துக்கு 350-க்கும் மேற்பட்ட மின் சிக்னல்கள் அங்கிருந்து கிளம்பும். நடுவில் இருக்கும் 'ஏவி நோட்' வாய்க்கால் மதகு மாதிரி, பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதையும் மீறி வருவதால் கீழ் அறைகள் 100 முதல் 160 முறை வரை தாறுமாறாகத் துடிக்கலாம். மாதக்கணக்கில் இப்படி ஓடினால் இதயத் தசையே பலவீனமாகிவிடும்.

மாத்திரை என்ன செய்யும்?

மதகை இன்னும் கொஞ்சம் இறக்கும், அவ்வளவுதான்.

* மெட்டோபிரோலால், பிசோபிரோலால்: பெரும்பாலும் முதலில் தருவது. ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்க.
* டில்டியாசெம், வெராபமில்: இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்தவர்களுக்கு ஆகாது.
* டிஜாக்சின்: பம்ப் திறன் குறைந்தவர்களுக்கும் தரலாம். சிறுநீரகம் பலவீனமானால் மருந்து உடம்பில் தேங்கும். வாந்தி, பார்வை மஞ்சளாவது எச்சரிக்கை அறிகுறிகள்.

துடிப்பு எவ்வளவு இருக்கணும்?

80-க்குக் கீழே கொண்டுவந்தே ஆகணுமா? நெதர்லாந்தில் நடந்து 2010-ல் வெளியான 'ரேஸ் 2' ஆய்வு, ஓய்வில் 110-க்குள் இருந்தாலே பலருக்குப் போதும் என்று காட்டியது. அறிகுறி தொடர்ந்தால் டாக்டர் இன்னும் குறைப்பார்.

பலரும் கோட்டைவிடும் இடம்

துடிப்பு அடங்கினாலும் மேல் அறைகளின் நடுக்கம் நிற்பதில்லை. அங்கே ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோயில் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு அதிகம். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை இதைத் தடுக்காது. அதற்கு வார்ஃபரின், அபிக்ஸபான் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தனியாக வேண்டும். வயது, பிபி, சுகர், முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

"இப்போ நல்லாத்தான இருக்குது" என்று எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீங்க. பீட்டா பிளாக்கர் வகையான மெட்டோபிரோலாலைத் திடீரென விட்டால் துடிப்பு மறுபடி எகிறும். துடிப்பு 50-க்குக் கீழே போனாலோ, தலைசுற்றினாலோ உடனே டாக்டரைப் பாருங்க. முகம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது தெரிந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்க.