ஆரஞ்சு நிறத்துக்கு மாறும் அலாஸ்கா ஆறுகள்.. காரணம் என்ன?

அமெரிக்காவின் அலாஸ்கா மாகாணத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சுமார் 1,100 கி.மீ. நீண்டு கிடக்கிறது புரூக்ஸ் மலைத்தொடர். இதைக் கடக்க இருப்பது ஒரே ஒரு சாலைதான். ஆள் நடமாட்டமே குறைந்த இங்கே, கண்ணாடி மாதிரி ஓடிய ஆறுகள் பல துரு நிறத்துக்கு மாறிவிட்டன. 2024-ல் வெளியான ஆய்வு, இப்படி 75 ஓடைகளைப் பதிவு செய்தது.

சுரங்கக் கழிவா?

இல்லை. இவற்றில் பல ஓடுவது சுரங்கமே இல்லாத தேசியப் பூங்காக்களில்.

பிறகு எப்படி?

இங்கு பல ஆயிரம் ஆண்டுகளாக உறைந்திருந்த நிலத்தடி மண், வெப்பம் கூடுவதால் உருகுகிறது. உள்ளே பூட்டிக் கிடந்த பாறைகள் மீது தண்ணீரும் ஆக்சிஜனும் படுகின்றன. பாறையிலுள்ள கந்தகத் தாதுக்கள் வினைபுரிந்து அமிலம் உருவாகிறது. அது இரும்பைக் கரைத்து ஆற்றில் சேர்க்க, அங்கே இரும்பு துருவாகிறது.

யாருக்கு பாதிப்பு?

ஆற்றடியில் துரு படிந்தால் பூச்சிகள் அழியும். மீனுக்கு இரை கிடைக்காது. சால்மன் முட்டையிடும் கூழாங்கல் இடுக்குகளும் அடைபடும். அந்த மீன்தான் இனுபியாக் பழங்குடி மக்களின் சாப்பாடு.

சரிசெய்ய முடியாதா?

சுரங்கக் கழிவு என்றால் சுத்திகரிப்பு நிலையம் கட்டலாம். மலை முழுக்கக் கசிந்தால் எங்கே கட்டுவது? நிலம் மறுபடி உறைந்தால்தான் உண்டு.